அட்டை எண்ணுக்குள் ஒரு பிறந்தநாள்: பைதனில் தோட்டத்துப் பதிவேடு

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு ஒரு உறுப்பினர் பதிவேடு இருக்கிறது. பெயர், லயன் (தோட்டத்து வரிசை வீடு) இலக்கம், தேசிய அடையாள அட்டை எண், பிறந்த திகதி என்று நாலே பத்தி. அடுத்த இரண்டு வருடத்தில் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கும் வயதுக்கு யார் யார் வருகிறார்கள், எந்தத் திகதியில் வருகிறார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றார் சங்கத் தலைவர். பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55. பட்டியல் முன்கூட்டியே கையில் இருந்தால், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அட்டையில் வேறு பெயருமாக இருக்கிறவர்கள் திருத்தும் வேலையை நேரத்தோடு தொடங்கலாம். மலையகத்தில் இந்தப் பெயர்ச் சிக்கல் எட்டிப் பார்க்காத குடும்பம் குறைவு.

பதிவேட்டை யாரோ ஏற்கெனவே எக்செலில் அடித்து வைத்திருந்தார்கள். சித்தப்பா மகள் உயர்தரத்துக்கு ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) படிக்கிறாள், பைதன் நிரல்மொழி தெரியும். முதல் வடிவத்தை அவளே எழுதினாள். எல்லாம் ஃபங்ஷன், எல்லாமே ஸ்ட்ரிங் (வெறும் எழுத்துத் தொடர்). தகவலையும் அதற்கான ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் க்ளாஸ் ஒன்றுகூட இல்லை. “க்ளாஸ் எதுக்குண்ணே, இதுவே ஓடுதே” என்றாள். ஓடத்தான் செய்தது. வந்த பட்டியலில் சிலர் இன்னும் பிறக்கவே இல்லை என்பதுதான் தகராறு.

பிறக்காதவர்களின் கதை இது. மூலப் பதிவேட்டு நோட்டில் “11.3.58” என்று இருக்கிறது. அதைத் திகதியாக்க அவள் டேட்டைம் தொகுதியின் ஸ்ட்ர்ப்டைம் மெதடில், இரண்டு இலக்க வருடத்துக்கான சிறிய ‘வை’ குறியைப் போட்டிருந்தாள். பைதன் அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது: 69 முதல் 99 வரை வந்தால் 1900கள், 00 முதல் 68 வரை வந்தால் 2000கள். ஆகவே 76 என்றால் 1976, 58 என்றால் 2058. எல்லாமே தப்பாக வந்திருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். பாதிப் பேருக்குச் சரியாக வருவதுதான் ஆபத்து. இப்போது 55ஐத் தொடும் ஆண்கள் 1970ஐ ஒட்டிப் பிறந்தவர்கள், 1969 என்ற எல்லை அவர்களுக்குச் சற்று முன்னால்தான் விழுகிறது. அதனால் பட்டியலின் முக்கியமான பகுதி ஒழுங்காகத் தெரிந்தது. வயதானவர்கள் மட்டும் எதிர்காலத்துக்குப் போய்விட்டார்கள்.

திகதிப் பத்தியின் நிலைமை அதைவிட மோசம். அரசாங்கப் படிவப் பழக்கத்தில் சிலர் வருடத்தை முன்னால் போட்டு 1958.03.11 என்கிறார்கள், சிலர் நாளை முன்னால் போடுகிறார்கள். போதாக்குறைக்கு, அடித்த கணினியில் எக்செல் அமெரிக்க முறையில் இருந்திருக்கிறது. 12/03/1958 என்று அடித்தால் அது மூன்றாம் திகதி டிசம்பர் என்று எடுத்துக்கொள்ளும். 25/03/1958 என்றால் 25ஆம் மாதம் கிடையாது, எனவே அது வெறும் எழுத்தாகவே நிற்கும். ஒரே பத்தியில் சில கட்டம் உண்மையான திகதி, சில கட்டம் ஸ்ட்ரிங். வலப்பக்கம் ஒட்டி நிற்பது திகதி, இடப்பக்கம் ஒட்டி நிற்பது எழுத்து. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திகதியாக மாறியவைதான் அதிகம் சந்தேகப்பட வேண்டியவை.

இந்தப் பத்தியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. நம்பக்கூடிய சாட்சி பக்கத்துப் பத்தியிலேயே இருக்கிறது.

அட்டை எண்

இலங்கை அடையாள அட்டை எண்ணில் பிறந்த நாள் ஒளிந்திருப்பது நிறையப் பேருக்குத் தெரியும், முழு விதியும் தெரிந்தவர்கள் குறைவு. பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஆங்கில வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். மிச்சம் வரிசை எண் மூன்றும் சோதனை இலக்கம் ஒன்றும். 2016இல் வந்த புதிய எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம், எழுத்து இல்லை. வருடம் நான்கு இலக்கமாக இருக்கும், வரிசை எண்ணும் நான்கு இலக்கம்.

ஒரு போலி எண்ணை எடுத்துக்கொள்வோம்: 585710123, பின்னால் ஒரு வி. இதைப் புதிய வடிவத்துக்கு மாற்ற ஒரு வரி போதும் (பைதன் பூச்சியத்தில் இருந்து எண்ணும், [0:5] என்றால் முதல் ஐந்து எழுத்து):

எண் = "19" + எண்[0:5] + "0" + எண்[5:9]

விடை 195857100123. அதற்குப் பிறகு பழசு புதுசு இரண்டையும் ஒரே மாதிரி வெட்டலாம்:

வருடம் = எண்[0:4]
நாள் = எண்[4:7]

இவை பைதனில் அப்படியே ஓடும் வரிகள். பைதன் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்கிறது, மொழியின் சொந்தச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். தங்கச்சிக்கு இது புதிது. அதற்குப் பிறகு அவள் எல்லா மாறியையும் தமிழில் மாற்றிவிட்டாள். விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிப்பது எனக்குச் சலிப்புத்தான், ஆனால் தலைவர் திரையைப் பார்த்து “வருடம், நாள்... சரி சரி” என்று தலையாட்டினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டை எண் என்று பெயரே தவிர, இது ஸ்ட்ரிங்தான். யாரும் இதைக் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை, வெட்டிப் பார்ப்பதுதான் வேலை. எக்செலில் இதை எண்ணாக விட்டால் பன்னிரண்டு இலக்கத்தையும் சுருக்கி 1.95857 என்று தொடங்கும் அறிவியல் வடிவத்தில் காட்டும். பழைய எண்கள் வி எழுத்தின் தயவில் தப்பித்துக்கொள்கின்றன. கோப்பைப் படிக்கும்போதே அந்தப் பத்தி எழுத்து என்று சொல்லிவிட வேண்டும்.

இப்போது நாள். 571இலிருந்து 500ஐக் கழித்தால் 71. தங்கச்சி நேராக ஸ்ட்ர்ப்டைமுக்கே போனாள். வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதற்கு அதில் ‘ஜே’ என்று ஒரு குறி உண்டு. 1958, 71 என்று கொடுத்தால் மார்ச் 12 என்றது. நோட்டில் இருப்பது மார்ச் 11. அடுத்தவர் சரி, அதற்கடுத்தவர் ஒரு நாள் கூட, இன்னொருவர் சரி. ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் பொருந்துகிறது. 1960, 1964, 1968, 1972 என்று நெட்டாண்டில் (லீப் வருடத்தில்) பிறந்தவர்களுக்கும் பொருந்துகிறது. மிச்சப் பேருக்கு ஒரு நாள் தள்ளி நிற்கிறது.

காரணம் அட்டை எண்ணின் கணக்கிலேயே இருக்கிறது. அதில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். நெட்டாண்டோ சாதாரண ஆண்டோ, 61 என்றால் மார்ச் 1. பைதனுக்கு 1958 சாதாரண ஆண்டு என்று தெரியும், அதனால் அது 60ஐயே மார்ச் 1 ஆக்கிவிடுகிறது. இரண்டு பேரும் அவரவர் வழியில் சரி. தங்கச்சி முதலில் “மார்ச்சுக்கு மேல வந்தா ஒண்ணு கழிச்சிருவோம்” என்றாள். அதைவிடச் சுத்தமான வழி உண்டு. நெட்டாண்டான 2000ஐ அளவுகோலாக வைத்து, அதன் ஜனவரி 1உடன் (அதுவே முதல் நாள் என்பதால்) 70 நாள் கூட்டினால் 2000 மார்ச் 11 வரும். பிறகு ரீப்ளேஸ் மெதடில் வருடத்தை மட்டும் 1958 ஆக்கினால் முடிந்தது. மார்ச்சுக்கென்று தனிக் கழித்தலும் இல்லை, நெட்டாண்டா என்ற கேள்வியும் இல்லை.

இந்த வழிக்கு இன்னொரு லாபமும் உண்டு. சாதாரண ஆண்டில் 60ஆம் நாள் என்று ஒரு எண் வந்தால், ரீப்ளேஸ் பெப்ரவரி 29ஐ அந்த வருடத்தில் வைக்கப் பார்த்து எரர் கொடுக்கும். அப்படி ஒருவர் பிறந்திருக்க முடியாது, எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள். எரர் வந்தது நல்லதுக்கே. நாள் 1 முதல் 366க்குள்ளோ 501 முதல் 866க்குள்ளோ இல்லாவிட்டாலும் இப்படித்தான் நிறுத்த வேண்டும்.

க்ளாஸ் எதற்கு

முதல் வடிவத்தில் எண்ணை வெட்டும் வேலை மூன்று இடத்தில் நடந்தது: வயது பார்க்க ஒரு தடவை, ஆணா பெண்ணா பார்க்க ஒரு தடவை, பட்டியலை வரிசைப்படுத்த ஒரு தடவை. பெப்ரவரித் திருத்தத்தை மூன்றிலும் செய்ய வேண்டும், ஒன்றை மறந்தால் தொலைந்தது. இதைக் காட்டியதும் அவளே “அப்ப ஒரு க்ளாஸ் போட்டுரலாம்” என்றாள்.

‘அட்டை’ என்று ஒரு க்ளாஸ். அதை அச்சாக வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கும்போது நோட்டில் இருந்த எழுத்தை அப்படியே கொடுக்கிறோம். உள்ளே போகும் இடத்திலேயே எல்லாச் சோதனையும் நடக்கிறது: முன்பின் வெற்றிடத்தை நீக்குதல், சிறிய வியைப் பெரிய வியாக்குதல், நீளம் பார்த்தல், பழைய எண்ணைப் புதிய வடிவமாக்குதல், திகதி கண்டுபிடித்தல். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஈரத்துக்கும் முற்றலுக்கும் நிறுக்கும்போதே கழித்துவிடுகிற மாதிரி. அதைத் தாண்டி வந்த அட்டை ஆப்ஜெக்டில் பிறந்த திகதி என்றால் அது உண்மையான டேட் ஆப்ஜெக்ட்தான். ஸ்ட்ரிங்காக இருக்குமோ என்று புரோகிராமின் மற்ற இடங்களில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

நோட்டில் இருந்த மூல எழுத்தையும் ‘மூலம்’ என்று ஆப்ஜெக்டில் வைத்துக்கொண்டோம். இதில் நான் பிடிவாதக்காரன். புரோகிராம் எதைப் படித்து இந்த முடிவுக்கு வந்தது என்று நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் ஆரம்பத்தில் படிக்கிற எல்லாரையும் கடிக்கிற ஒரு விஷயம் வரும். பைதனில் ஸ்ட்ரிங் மாறாது. ஸ்ட்ரிப் மெதடைக் கூப்பிட்டால் பழைய ஸ்ட்ரிங்கில் இருந்து வெற்றிடம் போகாது, வெற்றிடம் இல்லாத புதிய ஸ்ட்ரிங் ஒன்று கிடைக்கும். அதை ஒரு பெயரில் வாங்கி வைக்காவிட்டால் அது காற்றோடு போகும். எரரும் வராது. டேட் ஆப்ஜெக்டுக்கும் அச்சாக இதே குணம். வேடிக்கை என்னவென்றால் ரீப்ளேஸ் என்ற மெதட் இரண்டிலும் இருக்கிறது. ஸ்ட்ரிங்கில் எழுத்தை மாற்றும், டேட்டில் வருடம் மாதம் நாளை மாற்றும், இரண்டும் புதிய ஆப்ஜெக்டைத்தான் திருப்பித் தரும். ஒன்றில் புரிந்துகொண்டால் மற்றது தானாகவே புரிந்துவிடுகிறது.

அடுத்து, ஒரே ஆள் இரண்டு தடவை. பழைய பக்கத்தில் வி எண்ணோடு ஒருவர் இருப்பார், புதிய அட்டை எடுத்த பிறகு இன்னொரு பக்கத்தில் பன்னிரண்டு இலக்கத்தோடு அவரே இருப்பார். இரண்டு அட்டை ஆப்ஜெக்டை இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால், சும்மா எழுதிய க்ளாஸில் அது இரண்டும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டுமே பார்க்கும். எனவே ‘சமம்’ என்றால் என்ன என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும். அதைச் சொல்லி, ஆப்ஜெக்டுக்கு ஒரு எண்ணைக் கணக்கிட்டுத் தரும் ஹாஷ் மெதடை விட்டுவிட்டால் அந்த ஆப்ஜெக்டை செட்டில் (ஒன்றையே இரண்டு தடவை வைக்காத தொகுப்பில்) போட முடியாது, டைப்எரர் வரும். இரண்டையும் கையால் எழுதாமல், அவற்றைத் தானே எழுதித் தரும் டேட்டாக்ளாஸை ஃப்ரோஸன் (உருவாக்கிய பின் மாற்ற முடியாதது) என்று அமைத்தோம், ஒப்பீட்டில் மூலத்தைச் சேர்க்க வேண்டாம் என்றும் குறித்தோம். எல்லா அட்டையையும் ஒரு செட்டில் கொட்டியதும் இரட்டைப் பதிவுகள் தாமாகவே கழன்றன.

அப்புறம் நோட்டுத் திகதியை அட்டைத் திகதியோடு ஒத்துப் பார்த்தல். நோட்டு எழுத்தில் இருந்து சாத்தியமான எல்லாத் திகதியையும் ஒரு பட்டியலாக எடுக்கிறோம். 03.04.1961 என்றால் ஏப்ரல் 3, மார்ச் 4 இரண்டும். அட்டைத் திகதி அதில் ஒன்றோடு பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் புரோகிராம் எதையும் திருத்தாது, “பார்க்கவும்” என்று மட்டும் எழுதும். எந்த ஆவணம் சரி என்று தீர்ப்புச் சொல்வது புரோகிராமின் வேலை இல்லை. பொருந்தாதவர்களில் தை (ஜனவரி) முதலாம் திகதிக்காரர்கள் நிறைய. பிறப்பைப் பதியாத காலத்துப் பெரியவர்களுக்கு யாரோ வசதிக்கு எழுதிய நாள் அது.

50, 55

வயது வரும் திகதியைக் கணக்கிட முதலில் வந்த யோசனை, பிறந்த திகதியோடு 50 பெருக்கல் 365 நாளை டைம்டெல்டாவாக (பைதனின் கால இடைவெளி) கூட்டுவது. 1976 ஆகஸ்ட் 20இல் பிறந்த பெண்ணுக்கு 2026 ஆகஸ்ட் 8 வருகிறது. இடையில் வந்த நெட்டாண்டுகள் பன்னிரண்டு நாளைத் தின்றுவிட்டன. அந்த அம்மா பன்னிரண்டு நாள் முன்னாலேயே பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வருவார். அரை நாள் சம்பளம் போனாலும் தாங்காத வீடுகள் இவை. டைம்டெல்டாவில் வருடம் என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் வருடத்துக்கு நிலையான நீளம் இல்லை. மறுபடியும் ரீப்ளேஸ்தான்: வருடத்தோடு 50, அவ்வளவு.

பெப்ரவரி 29இல் பிறந்தவர்களுக்கு மட்டும் அது உடையும். 1972இல் பிறந்த ஆணுக்கு 55 ஆவது 2027இல், அந்த வருடம் 29 கிடையாது. அந்த எரரை ட்ரை போட்டுப் பிடித்து மார்ச் 1 என்று வைத்தோம். ஒரு நாள் முந்திப் போய்த் திரும்புவதைவிட ஒரு நாள் பிந்திப் போவது மேல்.

தகுதித் திகதி மெதடுக்குள் ‘இன்று’ என்பதைக் கூப்பிடக் கூடாது என்பது என் விதி. இன்றைய திகதியை வெளியே இருந்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த வருடம் இந்தப் பட்டியல் எப்படி இருக்கும் என்று இப்போதே ஓட்டிப் பார்க்கலாம், பெப்ரவரி 28 இரவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பெயர்கள்

திகதி முடிந்ததும் வேலை முடிந்தது என்று தங்கச்சி நினைத்தாள். பெயர்ப் பத்தி இன்னும் கிடந்தது.

‘கோபால்’ என்று தேடினால் ஒரு கோபால் வருகிறார், இன்னொரு கோபால் வரமாட்டேன் என்கிறார். திரையில் இரண்டும் ஒன்றே. நீளம் கேட்டால் ஒன்று 6, மற்றது 7. யூனிகோடில் ‘ோ’ குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ே’ குறியும் ‘ா’ குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். எந்த விசைப்பலகையில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி என்று கொடுத்தால் எல்லாம் ஒற்றை வடிவத்துக்கு வந்துவிடும். மாறிப் பெயர்களுக்கு பைதன் இந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது, ஸ்ட்ரிங்குக்குள் இருப்பதைத் தொடாது. இதையும் ஆப்ஜெக்டை உருவாக்கும் இடத்திலேயே போட்டோம்.

‘ஸ்ரீ’ இதற்கும் மசியாது. அதை வழக்கமான ஸவில் தொடங்கியும் எழுதுகிறார்கள், ஶ என்ற வேறு எழுத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். இரண்டும் யூனிகோடுக்கு வேறு வேறு எழுத்து, நார்மலைஸ் ஒன்றாக்காது. ஸ்ரீதரன்களுக்காகத் தனியாக ஒரு ரீப்ளேஸ்.

தலைப்பெழுத்து எடுப்பதிலும் இதே வினை. கோபாலின் பூச்சியமாம் எழுத்தைக் கேட்டால் பைதன் ‘க’ என்கிறது. தகப்பன் பெயர் கோபால் என்றால் தலைப்பெழுத்து ‘கோ.’ அல்லவா? முதல் எழுத்தை எடுத்து, அடுத்து வருவது உயிர்க்குறியோ புள்ளியோ ஆக இருக்கும் வரை சேர்த்துக்கொண்டே போகும் ஒரு சின்ன மெதடை ‘உறுப்பினர்’ க்ளாஸில் எழுதினோம். யூனிகோட்டேட்டாவின் கேட்டகரி எம் எழுத்தில் தொடங்கினால் அது குறி. வரிசைப்படுத்தலில் ஜவும் னவும் அகராதி வரிசையில் வராமல் இடம் மாறி நிற்கின்றன, தலைவர் லயன் வாரியாகவே கேட்டதால் அதை விட்டுவிட்டோம்.

ராமையா, இராமய்யா, ராமய்யா மூவரும் ஒருவரா என்று எந்த மெதடும் சொல்லாது. அட்டை எண் ஒன்றா என்று பார்ப்பதோடு புரோகிராம் நிற்கிறது. மிச்சம் தலைவரிடம், அவருக்கு எல்லா வீடும் தெரியும்.

கடைசிப் பக்கங்களை வேறு யாரோ பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். பைதன் கண்ணுக்கு அவை தமிழே இல்லை. ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். மாற்றுக் கருவிகள் இருக்கின்றன, ஆனால் நிரந்தரமாக ஓட வேண்டிய புரோகிராமுக்குள் அதை நுழைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பக்கங்களை ஒரு தடவை மாற்றி, கண்ணால் சரிபார்த்து, யூனிகோடாகச் சேமித்துவிட்டால் போதும். அதைத் தங்கச்சி பரீட்சை முடிந்து செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

பட்டியலை அச்செடுக்கும்போது மாதப் பெயர் ஆங்கிலத்தில் வந்தது. ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதப் பெயரையும் தமிழில் ஒரு டியூப்பிளில் (மாறாத பட்டியலில்) போட்டு, மாத எண்ணில் ஒன்று குறைத்து எடுத்தால் ஆயிற்று. தலைவர் ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் கிழமையும் வேண்டும் என்றார், சனி ஞாயிறில் அலுவலகம் பூட்டு. அதற்கு வீக்டே மெதட் இருக்கிறது, திங்கள் 0, ஞாயிறு 6. திகதி உண்மையான டேட் ஆப்ஜெக்டாக இருந்ததால் அந்தப் பத்தியைச் சேர்க்க ஒரு வரிதான் ஆனது.